ஒப்புக்குச் சப்பாணி – கடிதம்

அன்புள்ள அக்கா,

செய்யாறில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்கால வகுப்பு நடத்துகிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை பதினெட்டுப் பிள்ளைகள். ஆங்கிலத்தை விளையாட்டாகவே சொல்லிக்கொடுக்கிறேன்: பிங்கோ, பட அட்டை, சைமன் சேஸ் (சைமனாக இருப்பவர் சொல்கிற கட்டளையைத் தப்பாகச் செய்தால் அவுட்). பெற்றோரோ, "விளையாடுறதுக்கா ஃபீஸ் கட்டுறோம்? நோட்டுல ஒண்ணுமே இல்லையே" என்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? ஸ்க்ராபிள் வாங்கிப் போடலாமா? மொபைல் ஆப் ஏதாவது பரவாயில்லையா? மற்றபடி வகுப்பு கலகலப்பாகத்தான் போகிறது. ஒரு பையன் மட்டும் சைமன் சேஸில் தினமும் முதல் ஆளாக அவுட்டாகிச் சுவரோரம் போய் உட்கார்ந்துவிடுகிறான். அவனுக்கு ஆர்வம் இல்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

காசு கொடுக்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். தினமும் நோட்டில் நாலு வரி எழுதவைத்து அனுப்புங்கள், சத்தம் அடங்கிவிடும். ஆப் எதற்கு? பேசிப் பழகப் பதினெட்டு வாய்கள் எதிரே இருக்கின்றன. ஸ்க்ராபிளும் வேண்டாம். 1930களில் வேலையிழந்து நின்ற ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் உண்டாக்கிய, எழுத்துகளை அடுக்கி வார்த்தை அமைக்கிற ஆட்டம் அது. அதில் கியூவுக்கும் இசட்டுக்கும் பத்துப் பத்துப் புள்ளி. ஸ்பெல்லிங் அறிந்தவர்களுக்குப் பொழுது போகும். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்கு அது இன்னொரு பரீட்சை.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி இரண்டு வரிகளுக்காக. "அவனுக்கு ஆர்வம் இல்லை." அந்த வரியை முதலில் அடித்துவிடுங்கள். ஆர்வம் இல்லாதவன் தினமும் மாடிப்படி ஏறி வந்து, தோற்போம் என்று தெரிந்தே வட்டத்தில் நிற்பானா அம்மா?

கொஞ்ச காலமாகவே இது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் குடியிருப்பில் பிள்ளைகள் ஆடுவதை பால்கனியிலிருந்து பார்ப்பேன். எல்லா ஆட்டமும் இருக்கிறது, ஒப்புக்குச் சப்பாணியைத்தான் காணோம்: பேருக்கு ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டு, அவுட் ஆக்காமல் விடுகிற சின்னப் பிள்ளை. சின்னவர்களைச் சேர்ப்பதே இல்லை. சேர்த்தாலும் உடனே அவுட் ஆக்கி ஓரமாக நிற்கவைத்துவிடுகிறார்கள். அந்தப் பெயர் நல்ல பெயரில்லைதான், நடக்க முடியாதவர்களைக் கேலி செய்கிற பெயர். ஆனால் அந்த ஏற்பாட்டைப் போல நல்ல ஏற்பாட்டை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பார்த்ததில்லை.

நான் அப்படித்தான் வளர்ந்தேன். தெருவில் நான்தான் கடைக்குட்டி. அக்காக்கள் "டிக் டிக்... யாரது?" ஆடுவார்கள். பேய் வரும், நகை கேட்கும், கலர் நகை கேட்கும், "என்ன கலர்?" என்றதும் ஒரு கலரைச் சொல்லும். அந்தக் கலரைத் தொட்டுக்கொண்டு நிற்காதவர்கள் பிடிபடுவார்கள். பச்சை, மஞ்சள் என்று சொன்னால் சுலபமாகத் தப்பித்துவிடுகிறார்கள் என்று பேயாக வருகிற அக்கா மெரூன், வயலட், ஆரஞ்ச் என்று இறங்கிவிடுவாள். எனக்கு ஒன்றும் புரியாது. எல்லோரும் எங்கே ஓடுகிறார்கள், யார் பாவாடையைப் பிடிக்கிறார்கள், எந்த வீட்டுத் திண்ணைத் தூணைத் தொடுகிறார்கள் என்று பார்த்து நானும் ஓடித் தொடுவேன். தப்பாகத் தொட்டாலும் பேய் என்னைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். மறுபடி ஆட்டம், மறுபடி மெரூன். எனக்கு யாரும் மெரூன் சொல்லிக்கொடுக்கவில்லை, கேட்கவுமில்லை. பிறகு ஒரு நாள் நானே பேயாகி "மெரூன்" என்று கத்தினேன்.

இப்போது உங்கள் மாடிக்கு வாருங்கள். சைமன் "டச் யுவர் எல்போ" என்கிறார். எல்போ தெரியாத பையன் தோளைத் தொடுகிறான். அவுட். அவனுக்கு அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது. அடுத்த பத்து நிமிடமும் எல்போ, நீ (முழங்கால்), ஷோல்டர் எல்லாம் அறைக்குள் ஒலிக்கும். அவன் உடம்புக்கு அதில் வேலை கிடையாது. கடைசிவரை நிற்பவள் யார்? எல்லாம் முன்பே தெரிந்தவள். இருபது முறை தொட்டுப் பழகுகிறவள் அவள். பழக்கம் தேவைப்படுகிறவனுக்கு ஒரே ஒரு முறை, தேவையே இல்லாதவளுக்கு இருபது. இதை விளையாட்டு வழிக் கல்வி என்றால் நான் ஒப்பமாட்டேன். சிரிப்புச் சத்தத்தோடு நடக்கிற வடிகட்டல் இது. ஸ்பெல்லிங் போட்டியும் இப்படித்தான், பந்து கைமாறும்போது வார்த்தை சொல்லத் தெரியாதவர் வெளியேறும் ஆட்டமும் இப்படித்தான். எதில் "அவுட்" இருக்கிறதோ அதில் முதல் பலி, யாருக்காக நீங்கள் அந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தீர்களோ அந்தப் பிள்ளை.

1960களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர், பிள்ளை கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்தால் போதும், தயாராகும்வரை வாய் திறக்க வேண்டாம் என்று ஒரு கற்பித்தல் முறையை உருவாக்கினார். கட்டளைக்கு உடம்பு பதில் சொல்கிற அளவில் சைமன் சேஸும் அதற்கு உறவுதான். ஆனால் பிள்ளையை வெளியே அனுப்புகிற வேலை ஆஷர் முறையில் இல்லை. நம் ஊரிலேயே 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போனது. அதன் மீது எனக்கு ஆயிரம் குறை உண்டு. அட்டைகள் கிழிந்து காணாமல் போன வகுப்பறைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அதில் பாடங்களைப் படிப்படியாகக் காட்டுகிற ஏணிப் படத்தில் தான் நிற்கிற இடத்தைப் பார்த்து ஒவ்வொரு பிள்ளையும் தன் பாட அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். அது பின்தங்கலாம், அவுட் ஆக முடியாது.

அதனால் செய்ய வேண்டியது இது. மாடியில் சாக்பீஸால் இரண்டு வட்டம் போடுங்கள். இங்கே தப்பு செய்தவன் அங்கே போவான், அங்கே தப்பு செய்தவன் இங்கே வருவான். இரண்டிலும் ஆட்டம் ஓட வேண்டும், சுவரோரம் யாருக்கும் இடம் கிடையாது. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்தால் "காப்பி அடிக்காதே" என்று அதட்டாதீர்கள். பார்த்துச் செய்யட்டும், அதற்குத்தான் வட்டம். யார் ஜெயித்தது என்று கேட்பார்கள். வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது வட்டத்துக்குக் கட்டளை கொடுக்க ஆள் வேண்டும். கடைசிவரை நிற்கிற அந்தக் கெட்டிக்காரியை அனுப்புங்கள். அதிகாரம் பண்ணுகிற ஆசையில் மறுநாள் நாலு வினைச்சொல் கூடுதலாகக் கற்றுக்கொண்டு வந்து நிற்பாள்.