ஆன்லைன்ல வித்து ரிட்டர்ன் வந்த துணியை என்ன பண்றது? கேள்வி பதில்

கேள்வி (சேலம், சேலை வியாபாரம்): அக்கா, ரிட்டர்ன் பார்சலைப் பிரிச்சா நாங்க அனுப்பின சேலைக்குப் பதிலா வேற பழைய சேலை இருக்கு. விற்பனைத் தளத்துல வீடியோவோட க்ளெய்ம் (நஷ்டஈடு) கேட்டும் ஆதாரம் போதாதுன்னு தள்ளிட்டாங்க.

பதில்: வீடியோ எந்த இடத்துல ஆரம்பிக்குதுன்னு பாருங்க. கவரைக் கிழிச்ச பிறகு கேமராவை ஆன் பண்ணியிருந்தா அது எதையும் நிரூபிக்காது. மூடின கவர்ல இருந்துதான் தொடங்கணும். லேபிள்ல உள்ள ஏடபிள்யூபி நம்பர் (கூரியரோட பார்சல் நம்பர்) படிக்கிற மாதிரி பக்கத்துல காட்டுங்க. கவரோட ரெண்டு பக்கம், ஒட்டின விளிம்பு, மேல வேற டேப் போட்டிருந்தா அதுவும் வரணும். அப்படியே தராசுல வெச்சு எடை தெரியற மாதிரி எடுங்க. அனுப்பினப்போ எழுதி வெச்ச எடையோட ஒத்துப் போகலேன்னா அதுவே பாதி ஆதாரம். அப்புறம்தான் கத்தரி. சேலையை முந்தானை, ப்ளவுஸ் துண்டு வரைக்கும் முழுசா விரிச்சு, டேக்ல உள்ள கோட் நம்பரையும் காட்டுங்க. நடுவுல வீடியோவை நிறுத்தக் கூடாது, பார்சல் ஃப்ரேமை விட்டு நகரவும் கூடாது.

ப்ளவுஸ் துண்டை வெட்டி வெச்சுக்கிட்டு சேலையை மட்டும் திருப்பி அனுப்பறதும் நடக்குது. ப்ளவுஸோட 6.3 மீட்டர் சேலைன்னா, வெட்டினதுல 5.5 மீட்டர்தான் நிற்கும். சந்தேகம் வந்தா வீடியோவிலேயே டேப் வெச்சு அளந்துடுங்க.

கூரியர்காரர் ஒரு மூட்டை ரிட்டர்னைக் கொட்டிட்டு ஓடிபி கேட்பார். ஒவ்வொரு லேபிளையும் தளத்துல உங்க விற்பனைப் பக்கத்துல (பேனல்) இருக்கிற ரிட்டர்ன் லிஸ்ட்டோட சரிபார்க்காம ஓடிபி சொல்லாதீங்க. சொல்லிட்டா எல்லாமே உங்க கைக்கு வந்த கணக்கு, அப்புறம் காணாமப் போன பார்சலுக்குக் கேட்க முடியாது. நஷ்டஈடு கேட்கிற இடம் அமேசான்ல சேஃப்-டி க்ளெய்ம், மீஷோவில் ரிட்டர்ன்ஸ் பகுதி. எங்க போட்டாலும் கெடு உண்டு. அதனால வந்த அன்னிக்கே பிரிச்சுடுங்க.

கேள்வி (ஈரோடு): ஆர்டிஓவும் கஸ்டமர் ரிட்டர்னும் ஒண்ணுதானே?

பதில்: இல்லை. ஆர்டிஓன்னா வாடிக்கையாளர் வாங்காமலே திரும்பினது: ஆள் இல்லை, போன் எடுக்கலை, காசு கொடுக்க மாட்டேன்னாங்க. பெரும்பாலும் கேஷ் ஆன் டெலிவரியில வரும். துணி புதுசாவே இருக்கும், ஆனாலும் பிரிச்சுப் பாருங்க. கஸ்டமர் ரிட்டர்ன் போட்டுப் பார்த்து வந்தது. ரெண்டையும் ஒரே கூடையில போட்டா எங்க ஓட்டைன்னே தெரியாது.

கேள்வி (மதுரை, குர்த்தி): சைஸ் சரியில்லைன்னே பாதி திரும்புதுங்க அக்கா. சைஸ் சார்ட் போட்டிருக்கேன்.

பதில்: ஏமாத்தறவங்க மேலதான் எல்லாருக்கும் கோபம் வருது, ஆனா காசைத் தின்னறது இந்த சைஸ் ரிட்டர்ன்தான். இது நம்ம கையில இருக்கு.

உங்க சார்ட் உடம்பு அளவா, துணி அளவா? அதைச் சொல்லாம "எம் - 38"னு மட்டும் போட்டா, 38 இஞ்ச் மார்பு உள்ளவங்க வாங்குவாங்க. துணியும் 38ஆ இருந்தா கையைத் தூக்க முடியாது. இழுபடாத காட்டன்ல உடம்பை விடக் குறைஞ்சது 2 இஞ்ச் லூஸ் வேணும். ரெண்டு அளவையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க.

அளக்கிற முறை: மேசையில விரிச்சு, சுருக்கமில்லாம, அக்குளுக்குக் கீழே இந்தப் பக்கத் தையல்ல இருந்து அந்தப் பக்கத் தையல் வரைக்கும் அளந்து ரெண்டால பெருக்கணும். மார்பு மட்டும் போதாது. தோள், கைச் சுற்றளவு, இடுப்பு, உயரம் எல்லாம் வேணும். கைச் சுற்றளவு போடாததாலயே நிறைய ரிட்டர்ன் வருது. மார்பு சரியா இருந்தும் கை இறுக்கும். ஸ்லிட் இல்லாத மாடல்னா இடுப்புச் சுற்றளவு கட்டாயம்.

சார்ட்டை ஒரு தடவை போட்டு விட்டுடக் கூடாது. ஒவ்வொரு லாட்லயும் சைஸுக்கு மூணு பீஸ் எடுத்து அளங்க. அரை இஞ்ச் வித்தியாசம் பரவாயில்லை, ஒரு இஞ்ச் போனா அந்த லாட்டைத் தனியா வைங்க. அடுக்கி வெட்டும்போது துணி நகர்ந்தா மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் ஒரே அளவா வராது. அதனால ஒரே எல் சைஸ்ல ரெண்டு விதமா நிற்கும். காட்டன்னா ஒரு பீஸைத் துவைச்சுக் காய வெச்சு மறுபடி அளங்க. சுருங்கினா அதை லிஸ்டிங்லயே எழுதிடுங்க.

கேள்வி (காஞ்சிபுரம்): போட்டோவில் பார்த்த கலர் இல்லைங்கறாங்க.

பதில்: வாடாமல்லி நிறத்தை போன் கேமரா நீலத்துக்கு இழுக்கும். மயில்கழுத்து மாதிரி பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) வேற நிறமா நெய்தது, பார்க்கிற கோணத்துக்கு ஏத்த மாதிரி மாறும். ஒரு போட்டோவில் அடங்காது. ட்யூப்லைட்டை அணைச்சுட்டு, பகல் வெளிச்சத்துல ஜன்னல் பக்கம், வெள்ளைத் தாள் ஒண்ணு பக்கத்துல வெச்சு எடுங்க. தாள் மஞ்சளாவோ நீலமாவோ தெரிஞ்சா சேலை நிறமும் தப்பா விழுதுன்னு அர்த்தம். இரட்டை நிறச் சேலைக்கு மடிப்பை அசைக்கிற சின்ன வீடியோ கட்டாயம். ஃபில்டர் வேண்டவே வேண்டாம்.

கேள்வி (கோவை): திரும்பி வந்ததை மறுபடி விக்கலாமா?

பதில்: உடுத்தாததை விக்கலாம். நல்ல வெளிச்சத்துல கழுத்தோரம் மேக்கப் கறை, அக்குள்ல வெள்ளைத் தடம், சேலையில ஃபால்ஸ் தைச்சுப் பிரிச்ச ஊசித் துளை இருக்கான்னு பாருங்க. மூக்குக்கிட்ட வெச்சுப் பாருங்க, கண்ணுக்குத் தப்பினது வாசனையில மாட்டும். லேசான வாசனைன்னா நிழல்ல காத்தாட ஒரு நாள் தொங்க விடுங்க. வெயில்ல போட்டா சாயம் வெளுக்கும். அப்புறம் ஸ்டீம் அயர்ன், புது கவர், புது டேக். உடுத்தின தடம் இருந்தா புதுசுன்னு அனுப்பாதீங்க, அது அடுத்தவங்களுக்குச் செய்யற துரோகம். குறையைச் சொல்லிக் குறைஞ்ச விலைக்குக் கடையில கொடுங்க. உள்ளாடை திரும்பி வந்தா விற்பனைக்கு வைக்கவே கூடாது.

கேள்வி (திருப்பூர்): கட்டின ஜிஎஸ்டி?

பதில்: கிரெடிட் நோட் (வித்த பில்லைக் குறைக்கிற சீட்டு) போட்டாத் திரும்பக் கிடைக்கும். 840 ரூபாய்க்கு 5% வரியோட வித்தது திரும்பினா, 800 மதிப்பு, 40 வரி குறையும். வித்த பில்லுல என்ன வரி போட்டீங்களோ அதே வரிதான் கிரெடிட் நோட்லயும். இப்போ தைச்ச ஆடைக்கு ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரைக்கும் 5%, மேல போனா 18%. இது 2025 செப்டம்பர் 22ல இருந்து. ஒரு நிதியாண்டு பில்லுக்கு, அது முடிஞ்சு வர்ற நவம்பர் 30க்குள்ள சரிபண்ணணும்; ஆண்டு ஜிஎஸ்டி கணக்கை அதுக்கு முன்னாடியே தாக்கல் பண்ணிட்டா அதோட சரி. தளம் உங்க விற்பனைப் பணத்துல பிடிக்கிற 0.5% வரி (டிசிஎஸ்), திரும்பினது போக மீதி விற்பனைக்குத்தான். மாசாமாசம் ஒப்பிட்டுப் பாருங்க.

கேள்வி (திருச்சி, இன்ஸ்டாகிராம்): நோ ரிட்டர்ன்னு போட்டுட்டா தொல்லை இல்லையே அக்கா?

பதில்: பிடிக்கலை, மனசு மாறிட்டேன்கிறவங்களுக்கு அது செல்லும். ஆனா குறையுள்ள துணி, போலி, சொன்ன மாதிரி இல்லாத துணி, சொன்ன தேதிக்கு மேல தாமதமா வந்தது, இதையெல்லாம் திருப்பி வாங்க மறுக்கக் கூடாதுன்னு 2020 நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்லுது. அதனால "நோ ரிட்டர்ன்"னு எழுதறதுக்குப் பதிலா "கிழிசல், கறை, தப்பான பீஸ்னா 3 நாளுக்குள்ள வீடியோ அனுப்புங்க, கூரியர் செலவு எங்களுது"ன்னு எழுதுங்க. கேஷ் ஆன் டெலிவரி கேட்கறவங்ககிட்ட அனுப்பறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல சைஸ், நிறம், பின்கோடு, வீட்டு அடையாளம் நாலையும் உறுதி பண்ணி, கூரியர் செலவை மட்டும் முன்பணமா வாங்கிடுங்க. அதையும் தரத் தயங்கறவங்க பார்சலை அனுப்பாதீங்க.