டேக்கை நீக்கினால் அடுத்த வாக்கியமும் போய்விடுகிறதே?

பைத்தானில் எல்எக்ஸ்எம்எல் (lxml, எச்டிஎம்எல், எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படித்து மாற்ற உதவும் லைப்ரரி) வைத்து, பத்திக்குள் இருக்கும் ஸ்பேன் டேக்கை ரிமூவ் செய்தால் அதை அடுத்து வரும் வாக்கியமும் சேர்ந்து காணாமல் போகிறது என்கிறீர்கள். உங்கள் கோடில் தப்பில்லை. இந்த லைப்ரரியில் எழுத்துக்கென்று தனி நோடு (மரத்தில் தனி உறுப்பு) கிடையாது. டேக்குக்கு உள்ளே தொடங்குவது அதன் டெக்ஸ்ட்; டேக் மூடியபின் அடுத்த டேக் வரை இருப்பது அதே எலிமென்ட்டின் டெயில், அதாவது வால். ரிமூவ் வாலோடு சேர்த்துத்தான் தூக்கும். (நானும் இதில் ஒரு நாள் முழுக்கத் தொலைத்திருக்கிறேன்.)

நீக்கும் முன் டெயிலை எடுத்து, முன்னால் இன்னொரு எலிமென்ட் இருந்தால் அதன் டெயிலோடும், இல்லையென்றால் பேரன்ட்டின் (அதைச் சுற்றியுள்ள எலிமென்ட்டின்) டெக்ஸ்டோடும் ஒட்டுங்கள். அங்கே எழுத்துக்குப் பதில் None (மதிப்பு எதுவும் இல்லை) இருக்கலாம். அப்போது காலி ஸ்டிரிங்காக எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டைப்எரர் வரும். இதே லைப்ரரியின் எச்டிஎம்எல் பார்சர் பக்கம் போனால் டிராப்_ட்ரீ (drop_tree) என்ற மெத்தட் இதை ஒரே வரியில் முடித்துவிடும். அப்புறம், லூப் ஓடும்போதே நீக்காதீர்கள், முதலில் லிஸ்ட் ஆக்கிக்கொள்ளுங்கள்.