எம்டிபிஎஃப் சான்றிதழ் விலைக்குக் கிடைக்குமா?

கேள்வி: வியாசர்பாடி தொழிற்பேட்டையில் பவர் சப்ளை போர்டு செய்கிறோம். ஆவடியில் ராணுவ ஆர்டர் எடுக்கும் ஒரு கம்பெனி 20,000 மணி நேர எம்டிபிஎஃப் (ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடையிலான சராசரி நேரம்) கேட்கிறது. ஒரு புரோக்கர், ஒரே வாரத்தில் 'மிலிட்டரி சர்டிபிகேட்' வாங்கித் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?

பதில்: பணம் கொடுத்துவிடாதீர்கள். அப்படிப் பொதுவாக ஒரு சர்டிபிகேட்டே கிடையாது. எந்த மாடலை, எந்தத் தரக்குறிப்பின்படி, எந்த லேபில் சோதித்தார்கள் என்று சொல்லும் அறிக்கைதான் உண்டு.

20,000 மணி என்றால் ஒவ்வொரு போர்டும் அவ்வளவு நேரம் ஓடும் என்று அர்த்தமில்லை. பழுது ஒரே சீராக வருவதாக வைத்துக்கொண்டால், 20,000 மணி ஆகும்போது நூற்றில் சுமார் 37 போர்டுதான் பழுதாகாமல் இருக்கும். இந்த 20,000 மணி எம்டிபிஎஃபை 90 சதவீத நம்பிக்கையோடு சோதித்துக் காட்ட, ஒன்றுகூடப் பழுதாகாமல் எல்லா போர்டையும் சேர்த்து மொத்தம் சுமார் 46,000 மணி ஓட்ட வேண்டும். 20 போர்டை ராத்திரி பகலாக ஓட்டினாலும் மூன்று மாசத்துக்கு மேல் ஆகும். புரோக்கரின் ஒரு வாரத்தில் இது எப்படி நடக்கும்?

இந்த மாதிரி புரோக்கர்கள் வழக்கமாக நீட்டுவது ஜேஎஸ்எஸ் 55555 (ராணுவ மின்னணுச் சாதனங்களைச் சோதிக்கும் இந்தியத் தரக்குறிப்பு) அறிக்கை. அது சூடு, அதிர்வு, உப்புப் புகை தாங்குமா என்று பார்ப்பது; ஆயுளைச் சொல்லாது. அதிலும் லேபுக்கு என்ஏபிஎல் (சோதனை லேப்களை அங்கீகரிக்கும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு இருக்கிறதா என்று என்ஏபிஎல் தளத்தில் பாருங்கள். 'எண்ணூரில் ஆறு மாசமா ஓடுது சார்' என்பதெல்லாம் ஆர்டர் கொடுப்பவரிடம் எடுபடாது.

ஒரே விலக்கு: ஆர்டரில் கேட்டிருப்பது சோதனை இல்லாமல் வெறும் கணிப்பாக இருந்தால். அப்போது மில் ஹேண்ட்புக் 217எஃப் (பாகங்களின் பழுதைக் கணிக்கும் அமெரிக்க ராணுவக் கையேடு) வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தால் போதும்; சோதனையே வேண்டாம். உங்கள் பாகப் பட்டியலும் ஒவ்வொரு பாகத்தின் சூடும் இருந்தால் தெரிந்த இன்ஜினியர் போட்டுவிடுவார். அந்தப் புத்தகம் கடைசியாகத் திருத்தப்பட்டது 1995-ல், இன்றைய ஐசிக்குப் பொருந்தாது என்பது வேறு விஷயம். கேட்டால் கொடுங்கள். ஆனால் 'கணிப்பா, சோதனையா' என்று எழுத்தில் வாங்கிய பிறகு.

வாங்குபவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். அமெரிக்காவில் 1998-லேயே ரத்தான 785பி என்ற ராணுவ நம்பகத்தன்மைத் தரக்குறிப்பை நம் டெண்டர்களில் இன்னும் பார்க்கிறேன். பழைய ஃபைலைக் காப்பி அடிப்பவர்களிடம் யார் கேட்பது?

புரோக்கருக்குக் கொடுக்கும் காசில் 85 டிகிரி எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டரை எடுத்துவிட்டு, பில்லோடு 105 டிகிரி போடுங்கள். பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். உங்கள் போர்டில் முதலில் போவது பெரும்பாலும் அதுதான்.