கோந்துக்கு அடியில் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஆறு வருடமாக உலகப் பாரம்பரியச் சின்னங்களின் படம் போட்ட அஞ்சலட்டைகளைச் சேர்த்து வருகிறேன். முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் அட்டை அனுப்பிக்கொள்ளும் போஸ்ட்கிராஸிங் இணையதளம் மூலமாகவும், நேரடியாக மாற்றிக்கொள்ளும் நண்பர்கள் மூலமாகவும் வருகின்றன. யுனெஸ்கோ பட்டியலில் உள்ள 1248 இடங்களில் 386 கிடைத்துவிட்டது. எல்லாவற்றையும் நாடுவாரியாக ஆல்பத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். பின்பக்கம் முழுக்கக் கோந்து தடவினால்தான் ஓரம் சுருளாமல் நிற்கிறது.

ஜெர்மனியின் டிரெஸ்டன், இங்கிலாந்தின் லிவர்பூல் இரண்டையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்களே, அந்த அட்டைகளை எடுத்துவிடலாமா? எண்ணிக்கையில் சேர்க்கலாமா? நாடுவாரியாக அடுக்குவது சரியா, பட்டியலில் சேர்ந்த வருடப்படி அடுக்குவது சரியா? போஸ்ட்கிராஸிங்கில் பலர் பூனை, பூ என்று அனுப்புகிறார்கள். எனக்கு வேண்டியதை மட்டும் கேட்பது தப்பா? இந்தப் பட்டியலே அரசாங்கங்களின் அரசியல் என்கிறான் ஒரு நண்பன். வீட்டிலோ வெட்டிச் செலவு என்கிறார்கள்.

ஆல்பத்தின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். அதில் இருக்கும் லாலிபெலா அட்டை எத்தியோப்பியாவிலிருந்து வந்து சேர நான்கு மாதம் ஆனது. இருப்பதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசையில் ஒரு பிஸ்கட் டப்பா திறந்து கிடந்தது. சித்தப்பா காலமாகி ஒரு வருடம் ஆகிறது. தூத்துக்குடி வீட்டைக் காலி செய்தபோது அந்த டப்பா என் பங்குக்கு வந்தது. கப்பலில் வேலை பார்த்த காலத்தில் அவர் ஆச்சிக்கு அனுப்பிய அட்டைகள் அதில் இருக்கின்றன. ஒரு வாரமாக அவற்றைத்தான் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் உங்கள் கேள்வி. டிரெஸ்டன் அட்டையை எடுக்க வேண்டாம். அந்த ஊர் இருக்கும் எல்பே ஆற்றுப் பள்ளத்தாக்கை 2004-இல் பட்டியலில் சேர்த்தார்கள். அடுத்த வருடமே ஊர்க்காரர்கள் வாக்கெடுப்பு நடத்தி, ஆற்றுக்குக் குறுக்கே நான்கு வழிப் பாலம் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 2009-இல் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். 2013-இல் பாலத்தைத் திறந்தார்கள். லிவர்பூல் கரையில் புதுக் கட்டடங்கள் எழும்பியதால் 2021-இல் அதுவும் போனது. இரண்டுக்கும் முன்பே, 2007-இல், ஓமனில் அரேபிய ஓரிக்ஸ் மான் சரணாலயம் நீக்கப்பட்டது. சரணாலயப் பரப்பில் தொண்ணூறு சதவீதத்தை அரசாங்கமே குறைத்துவிட்டது. அந்த அட்டை உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் பத்திரமாக வையுங்கள். எண்ணிக்கையில் சேர்ப்பதா என்றால், தபால் முத்திரையில் என்ன தேதி இருக்கிறது என்று பாருங்கள். டிரெஸ்டனிலிருந்து 2009-க்கு முன்னால் வந்த பழைய அட்டையாக இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம்.

இதை எழுதும்போதுதான் உறைத்தது. உங்களால் பார்க்க முடியாது. பின்பக்கம் முழுக்கக் கோந்து தடவியிருக்கிறீர்கள்.

என்ன காரியம் செய்து வைத்திருக்கிறீர்கள் தம்பி! நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லாலிபெலா அட்டையின் இடது ஓரத்தில் கோந்து மஞ்சளாகக் கசிந்து காய்ந்திருக்கிறது. படம் நன்றாகத்தான் இருக்கிறது. பாறையைக் குடைந்து கீழே இறக்கிய அந்தச் சிலுவை வடிவக் கோயில், அதன் கூரை, சுற்றிலும் பள்ளம். 1978-இல் பட்டியல் தொடங்கியபோது முதலில் இடம்பெற்ற பன்னிரண்டு இடங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அந்தப் படத்தை இணையத்தில் இரண்டு நொடியில் பார்க்கலாம், இதைவிடத் தெளிவாகவே பார்க்கலாம். நான்கு மாதம் பயணம் செய்து வந்தது படமா? யாரோ ஒருவர் அந்த ஊரில் தபால் தலை தேடி வாங்கி, உங்கள் முகவரியை எழுத்துக்கூட்டி எழுதி, மிச்ச இடத்தில் நான்கு வரி எழுதியிருக்கிறார். அதைக் கோந்துக்கு அடியில் போட்டு மூடிவிட்டு, இதுதான் எனக்குப் பிடித்த அட்டை என்கிறீர்கள்.

அஞ்சலட்டை எப்படிப் பிறந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1869 அக்டோபர் 1-ஆம் தேதி ஆஸ்திரியா-ஹங்கேரியில் முதல் அட்டை வந்தபோது அதில் படமே கிடையாது. ஒரு பக்கம் முகவரி, மறுபக்கம் சேதி, அவ்வளவுதான். இந்தியாவில் 1879 ஜூலையில் காலணாவுக்கு வந்ததும் வெறும் கார்டுதான். படம் பிறகு வந்த குடித்தனக்காரன். அப்படி வந்த படம் சேதி இருந்த பக்கத்தை முழுசாகப் பிடித்துக்கொண்டது. மறுபக்கத்தில் முகவரி மட்டும்தான் எழுதலாம் என்று சட்டம். ஜனங்கள் விட்டார்களா? படத்தின் ஓரத்திலும், வானத்திலும், கோபுரத்துக்குப் பக்கத்திலும் நுணுக்கி நுணுக்கி எழுதினார்கள். முகவரிப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடது பாதியில் எழுதிக்கொள்ளலாம் என்று பிரிட்டனில் அனுமதித்தது 1902-இல். மற்ற நாடுகளும் பின்னாலேயே வந்தன. அந்த அரைப் பக்கத்தை ஜனங்கள் போராடி வாங்கியதாகவே நான் நினைக்கிறேன். நீங்கள் அதன்மேல் கோந்து தடவுகிறீர்கள்.

கோபமாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இதே தப்பை நானும் செய்தவள்.

சித்தப்பா சரக்குக் கப்பலில் இருந்தார். போகிற ஊரிலெல்லாம் ஓர் அட்டை வாங்கி ஆச்சிக்கு அனுப்புவார். துறைமுக ஊர்கள் என்பதால், பார்த்தால் பாதி இன்றைக்கு உங்கள் பட்டியலில் இருக்கின்றன. மால்டாவின் வல்லெட்டா, இஸ்தான்புல், ஹவானா, இலங்கையின் காலி. அவருக்கு யுனெஸ்கோவும் தெரியாது, பட்டியலும் தெரியாது. கடையில் தொங்கியதை வாங்கினார். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அட்டை வந்தால் நான்தான் வாசிக்க வேண்டும். படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பி என் கையில் கொடுத்துவிடும். "வாசி" என்று சொல்லும். முடித்ததும் "இன்னொருக்கா" என்று சொல்லும்.

1985-இல் எனக்குப் பதினோரு வயது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் தபால் தலை சேர்த்தார்கள். மூலையை வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டால் தலை தனியாக வரும் என்று ஒருத்தி சொன்னாள். மால்டாவிலிருந்து வந்த அட்டையை வெட்ட எனக்கு மனசில்லை. மஞ்சள் கல் வீடுகள், மூடிய மரப் பால்கனிகள், கீழே துறைமுகம் என்று அழகான படம். வெட்டாமல் எடுத்துவிடலாம் என்று முழு அட்டையையும் கிண்ணத்தில் போட்டேன். சித்தப்பா மைப் பேனாவில் எழுதுகிறவர். கால் மணி நேரத்தில் தண்ணீர் நீலமாகிவிட்டது. தலை கழன்று வந்தது, முத்திரையில் பாதி அதோடு போனது. அட்டையைத் துணியில் ஒற்றி, பாய்க்கு அடியில் வைத்துக் காய வைத்து, திரும்ப டப்பாவில் போட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

நான்கு மாதம் கழித்து, இன்றைக்குக் குரோஷியாவில் இருக்கும் டுப்ரோவ்னிக்கிலிருந்து அட்டை வந்தது. கப்பல் பக்கத்துத் துறைமுகத்தில் நின்றபோது பஸ் ஏறிப் போயிருக்கிறார். "அம்மாவுக்கு, பல்லைப் பிடுங்கியாயிற்று, கவலை வேண்டாம். இங்கே வீடெல்லாம் ஓட்டுக் கூரை, நம்ம ஊர் ஓடு மாதிரியே பழைய நிறம். வெயில் நல்லா அடிக்கிறது." வாசித்து முடித்ததும் ஆச்சி சொன்னது: "போன கார்டையும் எடு. ரெண்டையும் சேத்து வாசி."

எடுத்தேன். நீலக் கறைதான் இருந்தது. நானாக ஒன்று கட்டிச் சொன்னேன். "நான் நலம், நீங்கள் நலமா, இங்கே மழை பெய்கிறது." ஆச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னது: "இல்லட்டி. அதுல பல்லுவலின்னுலா எழுதியிருந்தான். ரெண்டு நாளா கஞ்சிதான் குடிக்கேன்னு எழுதியிருந்தான்."

ஒரு எழுத்துத் தெரியாத கிழவிக்கு ஒவ்வொரு அட்டையும் மனப்பாடம். என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அட்டையை என் கையிலிருந்து வாங்கி, அந்த நீலக் கறையை விரலால் ஒரு தடவை தடவிவிட்டு, டப்பாவில் வைத்து மூடியது. அதற்குப் பிறகு நான் எந்த அட்டையையும் தண்ணீரில் போடவில்லை.

அதனால்தான் டுப்ரோவ்னிக் அட்டை பிழைத்தது. உங்கள் ஆல்பப் படத்தில் லாலிபெலாவுக்கு மேலே ஒரு டுப்ரோவ்னிக் இருக்கிறதே, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோட்டைச் சுவரிலிருந்து எடுத்த அதே காட்சிதான். ஆனால் உங்களுடையதில் கூரைகள் பளீரென்று ஆரஞ்சு நிறம், இடையிடையே மட்டும் மங்கிய பழைய ஓடுகள். என்னுடையதில் எல்லாமே மங்கல், பாசியும் வெயிலும் ஏறிய செம்மண் நிறம். யுகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த போரில், 1991 டிசம்பர் 6-ஆம் தேதி அந்தப் பழைய நகரத்தின்மேல் குண்டு மழை பெய்தது. முற்றுகை முடிந்து கணக்கெடுத்தபோது கட்டடங்களில் மூன்றில் இரண்டு பங்கு அடிபட்டிருந்தன. அந்த வருடமே ஆபத்திலிருக்கும் இடங்களின் பட்டியலில் சேர்த்து, கூரைகளைப் புது ஓட்டால் வேய்ந்த பிறகு 1998-இல்தான் எடுத்தார்கள். உங்கள் அட்டை போருக்குப் பிந்தியது, என்னுடையது முந்தியது. கடைகளில் பழைய படத்தைப் பல வருடம் விற்பார்கள், அதனால் படத்தை மட்டும் வைத்து வருடம் சொல்லிவிட முடியாது. பின்பக்கத்து முத்திரைதான் சொல்லும். என் அட்டையின் தபால் தலையில் லத்தீன் எழுத்திலும் சிரிலிக் எழுத்திலும் யுகோஸ்லாவியா என்று இருக்கிறது. 1979-இல் அந்த நகரத்தைப் பட்டியலுக்குக் கொண்டுவந்த நாடு அது. இப்போது இல்லை. நீங்கள் நாடுவாரியாக அடுக்குகிறீர்கள், இதை எந்த நாட்டில் வைப்பீர்கள்?

சரி, அடுக்குவது பற்றி. நாடும் வேண்டாம், பட்டியல் வருடமும் வேண்டாம். உங்கள் கைக்கு வந்த தேதிப்படி அடுக்குங்கள்.

மற்ற கேள்விகளுக்கு நேரம் செலவழிக்க விருப்பமில்லை. பட்டியலில் அரசியல் இருக்கிறது, யார் இல்லை என்றார்கள்? வீட்டில் வெட்டிச் செலவு என்றால் ஒரு நாள் அவர்களை உட்கார வைத்து நான்கு அட்டையை வாசித்துக் காட்டுங்கள். பூனைப் படத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். போஸ்ட்கிராஸிங்கில் உங்களுக்கு அனுப்புகிறவருக்கு உங்கள் முகவரி தற்செயலாகக் கிடைக்கிறது. உங்கள் அறிமுகத்தில் என்ன பிடிக்கும் என்று எழுதலாம், அதில் தப்பில்லை. ஆனால் அவர் பூனையை அனுப்பினால் பூனையை வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைத்ததைத்தான் அவரும் வாங்கியிருப்பார், என் சித்தப்பா மாதிரி.

இனி வரும் அட்டைகளை ஒட்டாதீர்கள். நாலு மூலையில் செருகும் போட்டோ கார்னர் போதும். இல்லையென்றால் இரண்டு பக்கமும் தெரிகிற உறை வாங்குங்கள். பிவிசி உறை மட்டும் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்து மையை இழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே ஒட்டியவற்றை உரிக்க முயலாதீர்கள், அட்டையின் மேல்தோல் கோந்தோடு வந்துவிடும். தண்ணீர் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். ஆல்பத் தாளோடு சேர்த்துச் சுற்றிலும் வெட்டி எடுத்து வையுங்கள், அவ்வளவுதான் இப்போது செய்ய முடிந்தது.

அப்புறம், இன்றைக்கே உட்கார்ந்து ஒரு நோட்டுப் போடுங்கள். 386 அட்டையிலும் யார், எந்த ஊரிலிருந்து, என்ன எழுதினார்கள் என்று நினைவிருப்பதை எழுதுங்கள். நிறைய மறந்திருக்கும். ஆனால் லாலிபெலா அட்டை கைக்கு வந்த அன்று நாலைந்து தடவையாவது படித்திருப்பீர்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா