வானத்தைப் பார்த்த கிடாவும் பி1 ஊசியும்

கேள்வி: ஐயா, வியாசர்பாடியில் ஆறு ஆடு வைத்திருக்கிறேன். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மீந்த சோறு கிடைக்கும், பெரும்பாலும் அதுதான் தீனி. போன வாரம் எட்டு மாதக் கிடா ஒன்று கழுத்தைப் பின்னால் வளைத்து வானத்தையே பார்த்தது. கண் தெரியாமல் சுவரில் முட்டியது. டாக்டர் 'பி1' ஊசி போட்டார். மறுநாள் எழுந்து தழை கடித்தது. வெறும் சத்து ஊசிக்கு இவ்வளவு வேலையா? இனி எல்லா ஆட்டுக்கும் தினமும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: மாத்திரை வேண்டாம் அம்மா. சோற்றைக் குறையுங்கள், அது போதும்.

முதலில் ஊசி என்ன செய்தது என்று சொல்லிவிடுகிறேன். மூளை ஓடுவது குளுக்கோஸில். குளுக்கோஸ் பாதி உடைந்து பைருவேட் ஆகும். அதை மேலும் எரித்துச் சக்தி எடுக்க ஒரு நொதி (என்சைம், உடம்பின் வேதிவேலையை முடுக்கிவிடும் புரதம்) இருக்கிறது. ஆனால் அந்த நொதி தனியாக நின்றால் வேலை நடக்காது, கூடவே துணைநொதிகள் வேண்டும். பைருவேட்டைக் கையாளும் அந்த ஓர் இடத்தில் மட்டும் ஐந்து துணைநொதிகள் கைகோக்கின்றன. அவற்றில் நான்கு பி வைட்டமின்களிலிருந்து வருபவை. பி1, அதாவது தயமின், உடம்புக்குள் தயமின் பைரோபாஸ்பேட்டாக மாறி முதல் வேலையைத் தொடங்கிவைக்கிறது. அது இல்லையென்றால் பைருவேட் தேங்கும், லாக்டிக் அமிலமாகத் திரும்பும். மூளை பட்டினி கிடந்து வீங்கும். உங்கள் கிடாவின் கண்ணில் கோளாறு இல்லை, பார்த்ததைப் புரிந்துகொள்ளும் மூளைப்பகுதிதான் ஓய்ந்துபோயிருந்தது.

இவ்வளவு பெரிய வேலைக்கு மில்லிகிராம் கணக்கில் மருந்து எப்படிப் போதும்? காசிமேட்டில் மீன் கூடையைப் பார்த்திருப்பீர்கள். மீன் விற்றுப்போகும், கூடை திரும்பி வந்து அடுத்த மீனைச் சுமக்கும். துணைநொதியும் அப்படித்தான், எரிந்து தீராமல் சுற்றிச் சுற்றி வரும். பத்துக் கூடை இருந்தால் ஒரு படகு மீனையும் கரையேற்றலாம். கூடையே இல்லையென்றால் மீன் கரையில் அழுகும்.

சரி, ஆட்டுக்கு ஏன் தயமின் தீர்ந்தது? 1890களில் பதாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் கோழி வளர்த்தார். ராணுவ மருத்துவமனையில் மீந்த வெள்ளைச் சோறு தின்ற கோழிகளுக்குக் கால் இழுத்தது. புதிதாக வந்த சமையல்காரர் ராணுவச் சோற்றைக் கோழிக்குத் தர மாட்டேன் என்றார், தவிட்டு அரிசி போட்டதும் கோழிகள் தேறின. (அந்தச் சமையல்காரரின் கஞ்சத்தனத்துக்கு ஒரு கும்பிடு. ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.) கோழிக்குச் சோற்றில் சத்து இல்லாதது குறை. ஆட்டின் கதை வேறு. அதன் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களே தேவையான தயமினைச் செய்துகொடுத்துவிடும். நீங்கள் சட்டி சட்டியாகச் சோறு கொட்டியதும் மாவுச்சத்து வேகமாகப் புளித்து, பெருவயிறு அமிலமாகிறது. அந்தப் புளிப்பில் தயமினேஸ் என்ற நொதியை விடும் பாக்டீரியா பெருகுகிறது. அது தயமினை வெட்டிப்போடுகிறது. வாய்வழி மாத்திரையும் அதே வயிற்றில்தானே விழும்? அதனால்தான் டாக்டர் ஊசியை எடுத்தார்.

இனி வைக்கோல், கடலைக்கொடி, அகத்தி, பூவரசந்தழை இவைதான் முதல் தீனி. அசை போட நார் வேண்டும். சோறு என்றால் தழை தின்று முடித்தபிறகு ஒரு கைப்பிடி. பிரியாணி மிச்சம் வேண்டவே வேண்டாம். தீனியை ஒரே நாளில் மாற்றாமல் பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். குட்டிகளுக்கு ரத்தக்கழிச்சல் வந்து ஆம்ப்ரோலியம் கொடுப்பதானால் அளவும் நாளும் டாக்டர் சொன்னபடிதான். அந்த மருந்து தயமினைப் போலவே வேடம் போட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மறுபடி ஏதாவது ஆடு இப்படி வானம் பார்த்தால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். நாள் கடந்தால் செத்த மூளைப்பகுதி திரும்பாது. கழுத்து வளைந்த ஆட்டுக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். பழைய பேட்டரி, பெயின்ட் டப்பா கிடக்கும் இடத்தில் மேய்ந்ததா என்றும் சொல்லுங்கள், ஈயம் ஏறினாலும் இதே போலத்தான் கண் போகும். அப்புறம், தெருநாய் கடித்திருக்குமோ என்ற சந்தேகம் துளி இருந்தாலும் அதன் வாயில் கை வைக்காதீர்கள்.