ஜூன் மாதச் செலவை ஏப்ரலிலேயே பிடித்து வையுங்கள்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் இருக்கிறோம். கணவர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார். வெட்டு இருக்கும் வாரம் கையில் காசு புரளும். மழை பிடித்துக்கொண்டால் ஒன்றும் இல்லை. இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். காய்கறி, பால் என்று எல்லாவற்றிலும் குறைத்துப் பார்த்துவிட்டேன், மிச்சம் பிடிக்க முடியவில்லை. இன்னும் எதைக் குறைப்பது?

பதில்: காய்கறியிலும் பாலிலும் இனிக் கை வைக்காதீர்கள். வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தச் சிக்கனம் வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வீட்டில் வீண்செலவு என்று எதுவும் தெரியவில்லை. வருமானம் நிற்கும் மாதமும் செலவு கூடும் மாதமும் ஒன்றாக வந்து விழுவதுதான் உங்களைத் திணறடிக்கிறது.

ஜூனை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கி, மரத்தில் வெட்டும் இடம் நனையாதபடி மழைக்காப்பு பிளாஸ்டிக் ஒட்டாத தோட்டங்களில் வெட்டு நின்றுபோகும். அதே நேரம் பள்ளி திறப்பு: நோட்டு, பை, செருப்பு, குடை. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை என்பதால் மீன் விலையும் ஏறியிருக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை; நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. தீபாவளியும் கிறிஸ்துமஸும் அதை ஒட்டியே வருகின்றன. அப்புறம் பிப்ரவரி வாக்கில் இலை உதிர்ந்து, மரத்துக்கு ஓய்வு.

இவை எதுவும் திடீரென்று வருவதில்லை. ஆகவே வீட்டுச் செலவை வெட்டு நடக்கும் மாதத்தின் கூலியை வைத்துத் தீர்மானிக்காமல், வருடக் கணக்கை வைத்துத் தீர்மானியுங்கள். ஒரு பேச்சுக்கு, வெட்டு உள்ள மாதம் 18,000 ரூபாய், அப்படி வருடத்தில் எட்டு மாதம் என்று வைப்போம். மொத்தம் 1,44,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 12,000. உங்கள் குடும்பத்தின் உண்மையான சம்பளம் அதுதான். மீதி 6,000 ரூபாய் கையில் இருந்தாலும் அது மழை மாதத்துக்கு உரியது. கூலி வாங்கிய அன்றே அதைப் பிரித்துவிடுங்கள். வார முடிவில் மிஞ்சுவதைச் சேர்க்கலாம் என்றால் ஒருநாளும் மிஞ்சாது.

அந்தப் பணத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். அஞ்சலகத்தில் தொடர் வைப்பு போடச் சொல்லிப் பலரும் ஆலோசனை தருவார்கள். நல்ல திட்டம்தான், மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். ஆனால் அது ஐந்து வருடத் திட்டம், மூன்று வருடம் ஆகாமல் கணக்கை முடிக்க முடியாது. ஜூனில் வேண்டிய பணத்தை அதில் போட்டுவிட்டு, ஜூனில் வட்டிக்கு வாங்கி நிற்கக் கூடாது. பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு அது பொருந்தும். மழை மாதப் பணத்துக்கு அஞ்சலகச் சாதாரண சேமிப்புக் கணக்கே போதும். 500 ரூபாயில் தொடங்கலாம், வேண்டும்போது எடுக்கலாம்.

இனி வீட்டுக்குள். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஒரு மாதமும் விடாதீர்கள். சாதாரண நகரப் பேருந்தில் உங்களுக்குக் கட்டணம் இல்லை. சந்தைக்குப் போகும் நேரத்தை அந்தப் பேருந்துக்குத் தக்கபடி வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அடுத்த 100 மலிவு. 200-ஐத் தாண்டினால் அதற்கு மேலான ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறக்குறைய இரட்டிப்பு விலை. ரீடிங் எடுத்த தேதியைக் குறித்துவைத்து, இடையில் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறி தினம் பத்து மணி நேரம் ஓடினால், சாதாரண விசிறியைவிட இரண்டு மாதத்தில் 25 யூனிட் வரை மிச்சமாகும். ஆனாலும் ஓடுகிற விசிறியைக் கழற்றிவிட்டுப் புதிது வாங்காதீர்கள். பழையது பழுதாகும்போது மாற்றினால் போதும்.

சாப்பாட்டில் நம் ஊரின் பழைய வழக்கம் ஒன்று கைகொடுக்கும். சக்கைப்பழ (பலாப்பழ) காலத்தில் அதன் குருவை, அதாவது கொட்டையை, வீசாமல் கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்தி, ஒரு மண்பானையில் காய்ந்த மணலுக்குள் புதைத்துவையுங்கள். குரு ஒன்றோடொன்று ஒட்டாமல் இடையிடையே மணல் இருக்க வேண்டும். ஆடி மழையில் மீன் எட்டாத விலைக்குப் போகும்போது, அந்தக் குருவோடு கொஞ்சம் கருவாடும் தேங்காய் அரைத்ததும் சேர்ந்தால் ஒரு நேரக் கறி ஆயிற்று. மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளி) விலை இறங்கும் நேரம் வாங்கி, சீவி, அரைவேக்காடாக அவித்து வெயிலில் காயவைத்தால் மழைக்காலம் வரை நிற்கும்.

கடன் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மழை மாதத்தில் வாசலுக்கே வந்து தருவது வாரக்கடன்தான். 9,000 ரூபாயைக் கையில் தந்து, வாரம் ஆயிரமாகப் பத்து வாரம் கட்டச் சொல்வார்கள். ஆயிரம்தானே வட்டி என்று தோன்றும். முதல் வாரத்திலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், வருடக் கணக்கில் அது நூறு சதவீதத்தைத் தாண்டும் வட்டி. தவிர்க்கவே முடியாத தேவை என்றால் நகையை வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ வையுங்கள். வாரக்கடன் வட்டியில் ஒரு சிறு பங்குதான் வரும். ஏற்கெனவே வாரத் தவணை ஓடுகிறதென்றால், அதை முடிக்கும்வரை வேறு சேமிப்பு எதையும் தொடங்க வேண்டாம். தவணை முடிந்த மறுவாரமே அந்த ஆயிரத்தை அஞ்சலகக் கணக்கில் போடத் தொடங்குங்கள்.