ஊட்டி பக்கம் சின்ன காலேஜ், டிஎன்ஏ எழுத்துகள படிக்கிற சீக்வென்சிங் மிஷின் இல்ல. பி.எஸ்சி. பசங்கள ஜீனோம் டேட்டால ஆராய்ச்சி பண்ண வைக்க முடியுமா?

தாராளமா முடியும் மேடம், மிஷினே வேணாம். நான் கோத்தகிரில வரையாட்ட வச்சுதான் ஆரம்பிப்பேன். இது வெள்ளாட்டுக்கு சொந்தமா செம்மறிக்கு சொந்தமான்னு கேட்டு முதல்லயே நோட்டுல எழுத வச்சிடுங்க, முக்காவாசிப் பேர் வெள்ளாடுன்னுதான் எழுதுவாங்க. அப்புறம் ஜென்பேங்க்ல இருந்து (எல்லாரும் இலவசமா எடுத்துக்கலாம்னு நெட்ல இருக்கிற டிஎன்ஏ சேமிப்பு) வரையாடு, வெள்ளாடு, செம்மறி, இமயமலை தார் (அங்க இருக்கிற காட்டு ஆடு), கூடவே மாடு, எல்லாத்தோட சைட்டோகுரோம் பி ஜீனையும் இறக்கி (1140 டிஎன்ஏ எழுத்துதான், கண்ணாலயே ஓட்டிப் பாக்கலாம்) மெகாங்கிற சாஃப்ட்வேர்ல அலைன் பண்ணி (ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா பொருத்தி வச்சு) யாருக்கு யார் சொந்தம்னு காட்டுற மரம் போடணும், மாடு தூரத்து சொந்தம், அத விட்டுட்டா மரத்துக்கு வேர் கிடைக்காது. வரையாடு செம்மறி பக்கத்துல போய் உக்காரும், அந்த நிமிஷம் பசங்க மூஞ்சிய பாக்கணும்! 2005ல டிஎன்ஏ ஆதாரத்த வச்சுத்தான் இதுக்கு நீல்கிரிட்ராகஸ்னு தனிப் பேரினமே குடுத்தாங்க.

இது பயிற்சி மட்டும்தான், விடை தெரியாத கேள்விய குடுத்தாதான் ஆராய்ச்சி. அமெரிக்கால 2006ல ஆரம்பிச்ச ஜீனோமிக்ஸ் எஜுகேஷன் பார்ட்னர்ஷிப்ல யூஜி பசங்களே பழ ஈயோட டிஎன்ஏல ஜீன் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு குறிக்கிறாங்க, ஆராய்ச்சி பேப்பர்ல அவங்க பேரும் வருது. நம்ம பசங்களாலயும் கண்டிப்பா முடியும்.

மழைல நெட் போயிடும், சீக்வென்ஸ மொதல்லயே பென்டிரைவ்ல போட்டு வச்சுக்கோங்க.